சிங்கப்பூரில் ஒரு ஞாயிறும் மஸ்கெலியாவில் ஒரு காம்பராவும்

எமது நாட்டைச் சிங்கப்பூராக்கிக் காட்டுவோம் என்ற முழக்கத்தை நான் வாலிப வயது முதல் கேட்டு வருகிறேன். ஹட்டன் நகரில் மழையில் நனைந்தபடி நின்று அதற்குக் கைதட்டியவர்களில் நானும் ஒருவன். நாடு சிங்கப்பூராகவில்லை. நான்தான் இந்தத் தள்ளாத வயதில் சிங்கப்பூர் போய்ச் சேர்ந்தேன். ஊர் பார்ப்பதற்காக அல்ல. அங்கே வீட்டுப் பணிப்பெண்ணாக இருக்கும் என் மகளைத் திரும்பி வந்து கொழுந்து பறிக்கும்படி கேட்பதற்காக.

வாசகர்களுக்கு இது விநோதமாகத் தோன்றலாம். ஆகையால் காரணத்தை முதலில் கூறிவிடுகிறேன்.

மஸ்கெலியாவுக்கு மேலே உள்ள ஒரு தோட்டத்தில், தொழிற்சாலையின் கொழுந்து வாட்டும் மாடியில் வேலை செய்து ஓய்வு பெற்றவன் நான். என் மனைவி பாக்கியம் மலையில் கொழுந்து எடுத்தவள். அவளும் சென்ற ஆண்டு ஓய்வு பெற்றாள். எங்கள் தோட்டத்தில் ஒரு நடைமுறை உண்டு. லயத்துக் காம்பரா, அதாவது தொழிலாளர் வரிசை வீட்டின் ஒற்றை அறை, வேலைக்குப் பெயர் பதிந்தவருக்கே உரியது. குடும்பத்தில் ஒருவர் பெயராவது செக்ரோல் என்னும் வேலையாள் பதிவேட்டில் இருக்கும்வரை அங்கே பிறக்கலாம், மணம் முடிக்கலாம், சாகலாம். கடைசிப் பெயரும் நீங்கிவிட்டால் காம்பராவை ஒப்படைத்துவிட வேண்டும். வேறு தோட்டங்களில் இவ்வளவு இறுக்கம் இல்லை என்பார்கள். தோட்ட நிர்வாகியாக எங்களுக்கு வாய்த்த புதிய துரை இறுக்கமானவர்.

ஒரு நாள் மாலையில் கண்டாக்கு ஐயா, அதாவது மலை வேலைகளை மேற்பார்க்கும் உத்தியோகத்தர், எங்கள் வாசலில் மோட்டார் சைக்கிளை நிறுத்தினார். இறங்கவில்லை.

“பெரியவரே, ஒங்க வீட்ல இப்ப யாரு பேரும் இல்ல. தொர கேக்குறாரு. தீவாளிக்குள்ள ஒரு பேரப் பதிஞ்சிருங்க. இல்லாட்டிக் காம்பராவ விடணும்.”

“யாரு பேரைங்க பதியிறது? நாங்க ரெண்டு பேரும் கெழடுங்க.”

“பேத்திக்குப் பதினெட்டு முடிஞ்சிருச்சில்ல? நாளைக்கே பெரட்டுக்கு அனுப்புங்களேன். கொழுந்து எடுக்க ஆளில்லாமக் கெடக்கு.”

பெரட்டு என்பது விடியற்காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் இடம். என் பேத்தி கவிதா அப்போது உயர்தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். உயிரியல் பிரிவு. எங்கள் லயத்திலிருந்து அந்த வகுப்பு வரை சென்ற முதற்பிள்ளை அவள்.

அவளுடைய தாய் செல்வராணி, நாடு கடனில் மூழ்கி வங்குரோத்தாகி மண்ணெண்ணெய்க்கும் மாவுக்கும் மக்கள் வரிசையில் நின்ற காலத்தில், செக்ரோலிலிருந்து தன் பெயரை வெட்டிக்கொண்டு வெளிநாடு சென்றவள். மருமகன் கொழும்பில் கடையொன்றில் வேலைக்குச் சேர்ந்து, அங்கேயே வேறு குடும்பமாகிவிட்டார். எனவே பதியக்கூடிய பெயர்கள் இரண்டே: தாயுடையது அல்லது மகளுடையது.

“ராணிய வரச் சொல்லுங்க” என்றாள் பாக்கியம். “போன்ல கேட்டா மழுப்பிருவா. நேர்ல போயி மொகத்தப் பாத்துக் கேளுங்க.”

இவ்வாறாக, ஓய்வு பெற்றபோது கிடைத்த பணத்தில் டிக்கெட் எடுத்து நான் புறப்பட்டேன்.

வியாழக்கிழமை சிங்கப்பூரில் இறங்கினேன். விமான நிலையத்தில் முதலில் தேடியது தண்ணீர். குழாயில் வருவதை அப்படியே குடிக்கலாம் என்று அங்கிருந்த பணியாளர் சைகை காட்டினார். குடித்தேன். இந்தத் தீவுக்குப் பேர் சொல்லும் மலை இல்லை, ஆறு இல்லை. அயல் நாட்டிடமிருந்து தண்ணீர் வாங்கிப் பிழைத்த ஊர் என்று படித்திருக்கிறேன். அங்கே குழாய் வற்றுவதில்லை. எங்கள் லயத்து வாசலில் நின்றால் மஸ்கெலியா நீர்த்தேக்கம் கண்ணுக்கு எட்டிய தூரம் விரிந்து கிடக்கும். அந்த நீரில் சுழலும் இயந்திரங்கள் கொழும்புக்கு வெளிச்சம் தருகின்றன. எங்களுக்கோ ஊற்றுநீர் விழும் பீலிக்கரையில் வாளியோடு வரிசை. அந்த மின்சாரம் கொழும்புக்குப் போய்ப் பல ஆண்டுகள் கழிந்த பின்னரே எங்கள் லயத்துக்கு ஏறி வந்தது.

சிராங்கூன் வீதிக்கு அருகே, அடுக்குக் கட்டில்கள் போட்ட விடுதியொன்றில் தங்கினேன். மகளுக்கு ஞாயிற்றுக்கிழமை மட்டுமே விடுமுறை. அதுவரை காத்திருக்க வேண்டும். இரவு உணவுக்கு ஒரு தமிழ்ச் சாப்பாட்டுக் கடைக்குச் சென்றேன். பரிமாறியவர் துறையூர்க்காரர்.

“அண்ணனுக்கு எந்தப் பக்கம்?”

“இலங்கைங்க.”

“யாழ்ப்பாணமா? பேச்சு அப்படி இல்லையே. நம்ம ஊருப் பேச்சால்ல இருக்கு?”

“மலையகம். தேயிலைத் தோட்டம்.”

“அங்க தமிழங்க இருக்காங்களா?” என்று கேட்டுக்கொண்டே ரசத்தை ஊற்றினார்.

என்னுடைய பாட்டனாரும் துறையூர்ப் பக்கத்திலிருந்து வந்தவர்தான் என்று சொல்ல நினைத்தேன். அவர் அடுத்த மேசைக்குப் போய்விட்டார். மீன் குழம்பு நன்றாயிருந்தது. விலையை எங்கள் ரூபாயில் பெருக்கிப் பார்க்கலாகாது என்று மகள் முன்கூட்டியே எச்சரித்திருந்தாள். பெருக்கிப் பார்த்தேன், அதன்பின் மோர் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை மகள் வேலை செய்யும் வீட்டார் என்னைத் தேநீருக்கு அழைத்திருந்தார்கள். பேருந்துத் தரிப்பிடத்தில் நின்றேன். எனக்குரிய எண்ணுடைய பேருந்து வந்தது, நில்லாமல் போயிற்று. அடுத்ததும் போயிற்று. ஹட்டனில் பேருந்து நம்மைத் தேடும். நடத்துநர் படியில் தொங்கிக்கொண்டு “மஸ்கெலியா, மஸ்கெலியா” என்று கத்தி, வீட்டுக்குப் போகிறவனையும் கையைப் பிடித்து ஏற்றிவிடுவார். இங்கே நாம் கையை நீட்டினால்தான் நிறுத்துவார்களாம். பள்ளிச் சீருடை அணிந்த ஒரு சீனச் சிறுமி எனக்காகக் கையை நீட்டினாள். ஏறினேன். உள்ளே எவரும் கத்தவில்லை, பாட்டும் ஒலிக்கவில்லை. எவருடைய கோழியும் என் காலடியில் கிடக்கவில்லை. இருக்கை கிடைத்தது. ஆனால் இதே வேளையில் பாக்கியம் பேருந்துப் படியில் ஒற்றைக் காலில் தொங்கிக்கொண்டு மருந்தெடுக்கச் சென்றுகொண்டிருப்பாள் என்ற நினைவு அந்த இருக்கையை முள்ளாக்கிற்று.

பன்னிரண்டாம் மாடியில் நான் செய்த பிழையை இங்கே மறைக்காமல் எழுதுகிறேன். வீட்டிலக்கத்தைக் கண்டுபிடித்தும் முன்கதவைத் தட்டாமல், குசினிப் பக்கத்து வாசலைத் தேடி அந்த நடைபாதையின் ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு நடந்துகொண்டிருந்தேன். துரையின் பங்களாவுக்கு நாங்கள் ஒருபோதும் முன்வாசலால் போனதில்லை; குசினிப் பக்கமாகப் போய்ச் சமையல்கார அப்புவிடம் சொல்லிவிட்டு நிற்போம். வேலைக்கார மகளைப் பார்க்க வந்தவன் வேறெந்த வாசலால் போவது? அயல்வீட்டு மலாய் மாது சந்தேகப்பட்டுக் கேட்க, நான் அரைகுறை ஆங்கிலத்தில் “பின்கதவு, பின்கதவு” என்றேன். அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, “இங்கே எல்லோருக்கும் ஒரே கதவுதான், ஐயா” என்ற பொருள்படக் கூறி, தாமே மணியை அழுத்தினார்.

கதவைத் திறந்தவள் செல்வராணி. உடம்பு தேறியிருந்தாள். “என்னப்பா, செருப்ப ஏன் கையில வச்சிருக்கீங்க?” என்றாள்.

வீட்டுத் தலைவி தமிழ் மாது, வங்கியில் உத்தியோகம். மரியாதையானவர். அவருடைய தகப்பனார் பாரிசவாதத்தால் ஒரு பக்கம் செயலிழந்தவர். அவரைப் பராமரிப்பதுதான் என் மகளின் முதன்மையான வேலை. அவர் சக்கர நாற்காலியில் இருந்தவாறே என்னைக் கூர்ந்து பார்த்தார். வாய் கோணியிருந்தாலும் பேச்சு விளங்கிற்று.

“தோட்டமா? எங்கப்பாவும் தோட்டந்தான். மலாயாவுல ரப்பர் மரம் சீவுனாரு. துறையூருலேருந்து கப்பல்ல வந்தவரு. நான் இங்க வந்து பஸ் ஓட்டுனேன்.” நலமான கையால் சுவரைத் தட்டிக் காட்டினார். “இது என் வீடு. சம்பளத்துல பிடிச்சுப் பிடிச்சுக் கட்டுனது. கவர்மென்ட் சாவியக் குடுத்தப்ப என் சம்சாரம் ஒரு வாரம் அதைக் கழுத்துல போட்டுக்கிட்டுத் திரிஞ்சா.”

“குத்தகைதான்ப்பா, தொண்ணூத்தொம்பது வருஷம்” என்று வீட்டுத் தலைவி திருத்தினார்.

“நான் அவ்வளவு நாள் இருக்கப் போறேனா?” என்று அவர் சிரித்தார். பிறகு என்னைக் கேட்டார்: “உங்களது சொந்த வீடா?”

செல்வராணி அவருடைய வாயோரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவள் கை நின்றது. நான், “அங்கேயே பிறந்தேனுங்க” என்றேன். அது அவர் கேட்ட கேள்விக்கு விடையன்று. அவர் தலையசைத்தார்.

ஒரே சீமையில், ஒருவேளை ஒரே கங்காணியின் சொல்லை நம்பி, கப்பலேறிய இருவரின் வழிவந்தவர்கள் நாங்கள். ஒரு கப்பல் கிழக்கே திரும்பியது. அதில் வந்தவருடைய மகன் பேருந்து ஓட்டி வீட்டுக்குச் சொந்தக்காரனானான். மற்றது கொழும்பில் இறக்கிவிட்டது. அவனைக் காட்டிலும் நாங்கள் குறைவாக உழைத்தோமா என்பதை எவரேனும் நேர்மையாகச் சொல்லட்டும். எங்கள் தோட்டங்களும் குத்தகைக்கு விடப்பட்டன. எடுத்தவை கம்பனிகள். எங்களைக் கேட்டவர் இல்லை. அந்தக் குத்தகையில் நாங்கள் மரங்களோடும் கட்டடங்களோடும் சேர்த்துக் கைமாறினோம்.

புறப்படும்போது மகள் தான் உறங்கும் இடத்தைக் காட்டினாள். யுத்த காலத்தில் குண்டுக்குத் தப்புவதற்கென்று அங்கே வீட்டுக்குள்ளேயே ஒரு பாதுகாப்பு அறை கட்டியிருக்கிறார்கள். தடித்த சுவர், இரும்புக் கதவு, ஜன்னல் இல்லை. ஒரு பக்கம் அரிசி மூட்டையும் பழைய மின்விசிறிகளும். மறுபக்கம் மெத்தை.

“நம்ம காம்பராவ விடச் சின்னதுதான். ஆனா ஒழுகாதுப்பா” என்றாள்.

சனிக்கிழமை எனக்கு வேலையில்லை. நடந்தேன். நிலத்தடித் தொடருந்தில் ஒரு வாலிபன் எழுந்து இடம் கொடுத்தபோது, ஏதோ உத்தியோகத்தர் வந்துவிட்டார் என்றெண்ணி நானும் திரும்பிப் பார்த்தேன். பல மாடி மருத்துவமனை ஒன்றின் வாசலில் சற்று நேரம் அமர்ந்திருந்தேன். எங்கள் தோட்டத்தில் நோயாளியைக் கொழுந்து லொறியில் ஏற்றி இறக்கிய காலம் நினைவில் எழுந்தது. அங்காடியொன்றில் எங்கள் மலைநாட்டுத் தேயிலை, பட்டுத் துணி விரித்த பெட்டியில், ஒரு நகையைப் போல் வைக்கப்பட்டிருந்தது. அப்படியொரு பக்குவத்தில் தேயிலையை நான் தொழிற்சாலையிலும் கண்டதில்லை. எங்களுக்குக் கிடைப்பது மிஞ்சிய தூள். பின்னர் கோப்பிக்கடையில் பால் தேநீர் குடித்தேன். உயரத் தூக்கி ஆற்றி, நுரை ததும்பத் தந்தார்கள். ருசியாகவே இருந்தது. அதை ஒப்புக்கொள்ள எனக்குக் கோபமாக இருந்தது.

பொறாமை என்பீர்கள். இருக்கலாம். ஆனால் அந்த ஊரின் உயரமான கட்டடங்கள் என்னைச் சுடவில்லை. குப்பை கூட்டும் முதியவர் ஒருவர், என் வயதினர், வேலை முடிந்ததும் திறப்பை, அதாவது சாவியை, எடுத்துத் தம் வீட்டுக்குப் போகிறார். கண்டாக்கு வந்து வாசலில் நிற்பாரோ என்ற பயம் அவருக்கு இராது. அதுதான் என்னைச் சுட்டது.

ஞாயிற்றுக்கிழமை. நகரத்தின் நடுவே மரங்கள் சூழ்ந்த புல்வெளி. விடுமுறை பெற்ற பணிப்பெண்கள் பல நாட்டவரும் பாய் விரித்துக் கூட்டம் கூட்டமாக அமர்ந்திருந்தார்கள். சிலர் ஒருவருக்கொருவர் நகச்சாயம் பூசினார்கள். சிலர் கைபேசியில் பிள்ளைகளோடு பேசினார்கள். செல்வராணியின் தோழியான ஓர் இந்தோனேசியப் பெண் என்னைப் பார்த்து ஏதோ சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள்.

“என்ன சொல்லுது?”

“ஒன் அப்பா ஒன்னவிட வாலிபமா இருக்காரு, மாப்ள பாக்கலாமான்னு கேக்குறா. இவளுக்கு வாய் ஜாஸ்திப்பா.”

மகள் ரொட்டியும் மிளகாய் இடித்த கட்டச் சம்பலும் கொண்டுவந்திருந்தாள். உறைப்பு அப்படியே எங்கள் வீட்டு உறைப்பு. அவள் எனக்கு ஒரு துண்டைப் பிய்த்து வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

“இப்பச் சொல்லுங்க. சும்மா ஊரு பாக்குற ஆளு இல்ல நீங்க.”

சொன்னேன். கண்டாக்கு வந்ததையும், தீபாவளித் தவணையையும், அவள் வந்து பெயர் பதிந்தால் கவிதா படிப்பை முடிக்கலாம் என்பதையும், நான் ஒத்திகை பார்த்து வைத்திருந்த ஒழுங்கில் சொன்னேன்.

“கவிதாவுக்கு இது ஒண்ணும் தெரியாது” என்று முடித்தேன்.

“தெரியும்பா. போன வாரமே போன் பண்ணிருச்சு. ‘நான் பேரப் பதியிறேன். நீ வராத. தாத்தா வந்து கேட்டா முடியாதுன்னு சொல்லிரு’ன்னு ஒரே அழுக.”

ரொட்டித் துண்டைத் திரும்ப வைத்தேன். அந்தப் பிள்ளை என் பயணப் பையைத் தன் கையாலேயே கட்டித் தந்து, படிக்கட்டு வரை வந்து வழியனுப்பியவள்.

“அப்ப நீ வந்துரு” என்றேன். “புள்ள படிக்கட்டும்.”

“வர்றதுக்கு நான் பயப்படலப்பா. கொழுந்துக் கூட தூக்குனவதான். ஆனா யோசிச்சுப் பாருங்க. நான் எத்தன வருசம் மலைக்கு ஏறுவேன்? எனக்கு வயசாகி, பேர வெட்டுனதும் கண்டாக்கு திரும்ப வருவாரு. அப்ப யாரு பேரு? கவிதா பேரு. அவளுக்கப்புறம் அவ புள்ள பேரு. நான் இப்ப வந்து பதிஞ்சா, அவளுக்கு நானே எடம் புடிச்சு வைக்கிற மாதிரி.”

“வேற என்னதான் செய்யச் சொல்ற?”

“காம்பராவக் குடுத்துருங்க.”

எனக்குச் சினம் மூண்டது. அயலில் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்குமளவுக்குக் குரலை உயர்த்தினேன். “நாலு தலமொற இருந்த எடம்! எங்கப்பா அங்கதான் கண்ண மூடுனாரு!”

“நாலு தலமொற இருந்து, ஒரு ஆணி அடிக்கிறதுன்னாலும் கேட்டுத்தானப்பா அடிச்சோம்.” அவள் குரல் உயரவில்லை. “மஸ்கெலியா டவுன்ல ஒரு ரூம் எடுங்க. வாடகைய நான் அனுப்புறேன். இங்கயும் எனக்கு என்ன சாசனமா எழுதிக் குடுத்துருக்காங்க? நல்ல மனுசங்கதான். ஆனா அந்த வீட்டுத் தாத்தா கண்ண மூடிட்டா அடுத்த பிளேன்ல ஏத்திருவாங்க, வேற வீடு கெடச்சாத்தான் உண்டு. ரெண்டு நாட்டுலயும் நமக்கு வேல இருக்கிற வரைக்குந்தான் கூர. ஒரு எடத்துலயிருந்தாவது, அவங்க சொல்றதுக்கு முந்தி நம்மளாப் போவம்பா.”

வளர்ச்சியடைந்த நாடு, வளர்ச்சியடையாத நாடு என்று பத்திரிகைகளில் வரும் கட்டுரைகளை நான் விடாமல் வாசித்து வந்தவன். இரண்டையும் உடம்பால் அளந்து பார்த்தவள், புல்வெளியில் அமர்ந்து விரலை நக்கியபடி எனக்கு அவற்றின் வித்தியாசத்தைச் சொன்னாள். ஒழுகும் கூரை, ஒழுகாத கூரை. அவள் மாலை ஆறு மணிக்குள் திரும்ப வேண்டியிருந்தது.

திங்கட்கிழமை புறப்பட்டேன். ஹட்டனில் மஸ்கெலியா பேருந்தில் ஏறும்போது, என்னை அறிந்த நடத்துநர், “சிங்கப்பூர் தாத்தா, செண்டு கிண்டு ஒண்ணுமில்லையா?” என்று உரக்கக் கேட்டு முழுப் பேருந்தையும் சிரிக்க வைத்தார். வழியில் மண்மேடு சரிந்து, இறங்கி நடந்து, மறுபுறம் வேறு பேருந்து ஏறினோம். எவரும் முறையிடவில்லை. முறையிடுவது எங்களுக்கு ஏனோ வழக்கமில்லை.

காம்பராவை விட்டுவிடுவோம் என்றதும் பாக்கியம் ஒரு நாள் முழுதும் என்னோடு பேசவில்லை. கவிதாவைக் கூப்பிட்டு, “நீ பேரு பதியிறதா இருந்தா நான் இந்த வீட்டுப் பச்சத் தண்ணி குடிக்க மாட்டேன்” என்றேன். அவள், “அப்ப எங்க தாத்தா இருப்போம்?” என்றாள். பதினெட்டு வயதுப் பிள்ளை கேட்க வேண்டிய கேள்வியல்ல.

கண்டாக்கு ஐயா வியந்துதான் போனார். “என்ன பெரியவரே, ஒரு பேரு பதிஞ்சாப் போதுமே! பாப்பா பேருக்கு ஒரு நாள் ரெண்டு நாள் வந்துட்டுப் போகட்டும், நான் பாத்துக்கிறேன்.” அவர் கெட்டவர் அல்லர். நான் திறப்பை நீட்டினேன். அதை வாங்குவதற்கு முன் கையைக் காற்சட்டையில் துடைத்துக்கொண்டார்.

இப்போது நாங்கள் மஸ்கெலியா நகரில், ஒரு சில்லறைக் கடையின் பின்னறையில் வாடகைக்கு இருக்கிறோம். சமையலுக்கு நடைபாதையில் ஓர் ஒதுக்கு. கடைக்காரர் இரவில் வாசற்கதவைப் பூட்டிவிடுவார். அவசரமென்றால் தட்டித்தான் எழுப்ப வேண்டும். கவிதா அரிசி மூட்டைகளுக்கு நடுவே இருந்து படித்துப் பரீட்சை எழுதி முடித்தாள். பெறுபேறு வரவேண்டும். வந்தாலும் வைத்தியராகிவிடுவாள் என்று நான் எவருக்கும் வாக்குறுதி தரமாட்டேன். மேடைகளில் கேட்ட வாக்குறுதிகளே எனக்குப் போதும்.

தை பிறந்த பின்னர், ஒரு மரண வீட்டுக்காகத் தோட்டத்துக்கு ஏறிச் சென்றேன். எங்கள் காம்பராவுக்குக் கூரை இல்லை. அடுத்த காம்பராவின் மாரிமுத்து வெளியே வந்தார்.

“தகரத்தக் கழட்டிட்டாங்கண்ணே.”

“யாரு?”

“ஆபீஸ்ல இருந்துதான். பேரு பதிய ஆள் ஒண்ணும் வரல. சும்மா கெடந்தா யாராச்சும் பூந்துருவாங்கன்னு தகரத்தக் கழட்டச் சொல்லிட்டாராம் தொர. எங்க பக்கத்துச் செவரும் இப்ப ஊறுது.”

உள்ளே எட்டிப் பார்த்தேன். அடுப்பு மேடையில் மழைநீர் தேங்கி நின்றது.

அந்த ஞாயிறு செல்வராணி அழைத்தாள். மரண வீட்டை விசாரித்தாள். பிறகு, “நம்ம காம்பராவப் பாத்தீங்களாப்பா? யாரு இருக்காங்க இப்ப?” என்று கேட்டாள்.

“ஒரு குடும்பம் வந்திருக்கு” என்றேன்.

“எத்தன பேரு?”

“அஞ்சாறு பேரு இருக்கும். சின்னப் புள்ளைங்களும் இருக்கு.”

“நல்லதுப்பா. வீடு சும்மா கெடக்கக் கூடாது” என்றாள்.